டீசல் லைனில் ஏர் எடுக்கிறதா? லாரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெரிய லாரி ஒன்று காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் பேட்டரியைப் பார்க்கிறார்கள். அப்புறம் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுகிறார்கள். அதிலும் சரியாகாவிட்டால் பம்பும் இன்ஜெக்டரும் டெஸ்டுக்குப் போகின்றன. பெரிய செலவெல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், ஃபில்டருக்கு அடியில் இருக்கும் ஒரு ஓரிங்கில் (ரப்பர் வளையம்) ஏர் எடுத்திருக்கும், அதாவது அதன் வழியாகக் காற்று உள்ளே புகுந்திருக்கும். சோதனையை மலிவான இடத்தில் தொடங்கி, பைப் போகும் வழியிலேயே போக வேண்டும். இதைப் பலருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததால், என்னிடம் வந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

1. கொஞ்சம் காத்து புகுந்தா என்ன? அதுக்கு ஏன் வண்டி நிக்கணும்?

டீசலை அமுக்கினால் அது கிட்டத்தட்டச் சுருங்காது. காற்று சுருங்கும். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் இன்ஜெக்டர் திறக்கவே 200 பார் அளவுக்கு அழுத்தம் வேண்டும். பம்பின் அடி முழுவதும் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விட்டால் நாசில் திறக்காது. காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ‘ரெயில்’ என்ற ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வண்டி) ரெயில் அழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவை எட்டும் வரை இசியூ, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், இன்ஜெக்டரை இயக்கவே விடாது. செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பல ஹை பிரஷர் பம்புகளுக்கு மசகு எண்ணெய் டீசல்தான். 1,500 பாருக்கும் மேல் வேலை செய்யும் பம்பில் டீசலுக்குப் பதில் குமிழி வந்தால் உள்ளே உலோகம் உலோகத்தோடு உரசும். அதனால் ‘கொஞ்சம் மிஸ்ஸிங்தானே, ஓட்டிடலாம்’ என்று நாள்கணக்கில் விடாதீர்கள்.

2. எங்கயும் ஒரு சொட்டு டீசல் ஒழுகல. அப்புறம் எப்படி ஏர் எடுக்கும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டேங்க் டீசலை இழுத்து அனுப்பும் பம்ப்) வரை உள்ள பகுதி உறிஞ்சும் பக்கம். வண்டி ஓடும்போது அந்த பைப்புக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை விடக் குறைவு. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஃபீட் பம்பைத் தாண்டிய பகுதி தள்ளும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகும், ஓடும்போது காற்று உள்ளே வராது.

ஆகவே ஈரமான இடத்தை மட்டும் தேடுகிறவருக்கு ஏர் லீக் அகப்படாது. காய்ந்து சுத்தமாகத் தெரியும் ஜாயிண்டுதான் பெரும்பாலும் பிரச்சினை. வண்டி நின்றிருக்கும்போது, டேங்கில் டீசல் மட்டம் அந்த ஜாயிண்டை விட உயரமாக இருந்தால், அதே இடம் லேசாகக் கசியலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் செல்ஃப் அடிப்பதற்கு முன் டார்ச் அடித்துப் பார்ப்பது அதனால்தான் பயனுள்ளது.

உங்கள் வண்டியில் ஃபீட் பம்ப் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கனரக வண்டிகளில் அது இன்ஜினோடு இருக்கும், எனவே சேஸிஸ் நீளத்துக்கு வரும் பைப் பூராவும் உறிஞ்சும் பக்கம். டேங்குக்குள்ளேயே எலக்ட்ரிக் பம்ப் இருந்தால் கணக்கு மாறிவிடும்.

3. ஏர்தான்னு எப்படி உறுதியா சொல்றது?

செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரைப் பாருங்கள். கொஞ்சம்கூடப் புகை வரவில்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. அது வேறு தேடல்.

அடுத்து, ஹேண்ட் பிரைமரை (கையால் அடித்து லைனில் டீசல் ஏற்றும் சிறு பம்ப்) அடித்துப் பாருங்கள். நல்ல லைனில் சில அடிகளிலேயே கை கெட்டியாகிவிடும். அடிக்க அடிக்க மெத்தென்று இருந்தால் எங்கோ காற்று இருக்கிறது, அல்லது பிரைமரின் வால்வே போயிருக்கிறது. ஸ்டார்ட் ஆகி ஒரு நிமிடத்தில் நிற்பது, ஐடிலில் ஆர்பிஎம் ஏறி இறங்குவது, ஆக்சிலேட்டர் மிதித்தால் தாமதமாக எடுப்பது, இவையும் ஏரின் அறிகுறிகள்தான்.

ஸ்கேனரில் பி0087 அல்லது எஸ்பிஎன் 157 வந்தது என்று சொல்லி உடனே பம்பைக் குறை சொல்பவர்கள் உண்டு. முதலாவது, ரெயிலில் அழுத்தம் போதவில்லை என்கிறது. இரண்டாவது ரெயில் அழுத்தத்தைக் குறிக்கும் எண். ஏன் போதவில்லை என்பதை இரண்டும் சொல்லாது. ஏர், அடைபட்ட ஃபில்டர், தேய்ந்த இன்ஜெக்டர் என மூன்றுக்குமே இதே கோட் வரலாம்.

4. காலைல மட்டும் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. ஒரு தடவை பிடிச்சிட்டா நாள் முழுக்க நல்லா ஓடுது. ஏன்?

ராத்திரியில் லைனில் இருந்த டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடுகிறது. கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு கசிந்தால், நிறுத்திப் போடும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்குமே, அதே கதைதான். டீசல் இறங்க வேண்டுமென்றால் மேலே எங்கோ காற்று நுழைய இடமும், கீழே பிடித்து நிறுத்த வேண்டிய ‘நான் ரிட்டர்ன்’ வால்வில் (டீசலை ஒரு பக்கமாக மட்டும் விடும் வால்வு) கசிவும் இருக்க வேண்டும். பிரைமரிலோ, ஃபில்டர் மாட்டும் ஹெட்டிலோ அந்த வால்வு இருக்கும். அதில் ஒரு துணி நூலோ துருவோ மாட்டியிருந்தாலே போதும்.

சோதனை எளிது. சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் பிரைமரைக் கெட்டியாகும் வரை அடித்து வையுங்கள். காலையில் செல்ஃபைத் தொடாமல் முதலில் பிரைமரை அழுத்துங்கள். கெட்டியாகவே இருந்தால் லைன் நிரம்பியிருக்கிறது, காரணத்தை வேறு இடத்தில் தேடலாம். மெத்தென்று போனால் சந்தேகம் உறுதி. டேங்கை நிரப்பி நிறுத்திய நாளில் பிரச்சினை குறைகிறதா, முன்பக்கம் மேடாக நிறுத்தினால் கூடுகிறதா என்றும் கவனியுங்கள். இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் டீசல் இறங்குவதுதான் காரணம்.

மீதி டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனையும் மறக்க வேண்டாம். அங்கே ஒரு வாஷர் கசிந்தாலும் நின்ற வண்டியில் அந்த வழியாகக் காற்று ஏறும். குளிரில் ரப்பர் இறுகிச் சுருங்குவதால் பழைய ஹோஸ் முனைகள் அதிகாலையில் மட்டும் கசிவதும் சகஜம்.

5. சமதளத்துல நல்லா போகுது, மேட்டுல லோடோட ஏறும்போது மட்டும் செத்துப் போகுது. இதுவும் ஏரா?

ஏராக இருக்கலாம், அடைப்பாகவும் இருக்கலாம். லோடு ஏறும்போது இன்ஜினுக்கு அதிக டீசல் வேண்டும், உறிஞ்சும் வேகம் கூடும், சிறிய ஓட்டைகூட அப்போது அதிகக் காற்றை இழுக்கும். அடைபட்ட ஃபில்டரும் இதே அறிகுறியைத்தான் காட்டும்.

பிரித்தறிய, பம்ப் உறிஞ்சும் இழுப்பை அளக்கும் வேக்கம் கேஜ் வேண்டும். ஃபீட் பம்ப் நுழைவில் மாட்டி, ஆர்பிஎம் ஏற்றிப் பாருங்கள். உங்கள் இன்ஜினின் சர்வீஸ் கையேட்டில் உள்ள வரம்பை விட வேக்கம் அதிகமாக இருந்தால் பம்ப் இழுத்தும் டீசல் வரவில்லை: டேங்க் ஸ்ட்ரெயினர், நசுங்கிய பைப், அடைத்த ஃபில்டர், உள்பக்கம் தோல் உரிந்து மூடிக்கொள்ளும் பழைய ஹோஸ், இவற்றில் ஒன்று. வேக்கம் குறைவாக இருந்து குமிழியும் தெரிந்தால் ஏர் லீக்.

6. டிரான்ஸ்பரன்ட் டியூப் போட்டுப் பாக்கச் சொல்றாங்க. எங்க போடணும்?

முதலில் ஃபீட் பம்புக்குள் டீசல் நுழையும் இடத்தில், அதாவது உறிஞ்சும் பக்கத்தின் கடைசிப் புள்ளியில். டீசலைத் தாங்கும் ஒளி ஊடுருவும் டியூபை ஒரு முழ நீளத்துக்கு எடுத்து, நல்ல கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். ஸ்டார்ட் செய்ததும் நீங்கள் கழற்றியபோது புகுந்த காற்று முதலில் வெளியேறும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். சில நிமிடம் ஓடிய பிறகும் தொடர்ந்து குமிழி வந்தால் ஓட்டை அந்த இடத்துக்கும் டேங்குக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. எப்போதாவது மணல் அளவில் ஒரு குமிழி வந்தால் பரவாயில்லை. சரம் சரமாக வந்தாலோ, பெரிய குமிழி விட்டு விட்டு வந்தாலோ தேட வேண்டும்.

பிறகு டியூபை ஒவ்வொரு கட்டமாக டேங்க் பக்கம் நகர்த்துங்கள்: வாட்டர் செப்பரேட்டருக்குப் பின்னால், அதற்கு முன்னால், டேங்க் வாயில். எந்த இடத்தில் குமிழி காணாமல் போகிறதோ, அதற்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் இடையில்தான் ஓட்டை. சேஸிஸ் முழுக்க சந்தேகப்படுவதை விட்டு, ஒரு முழத் தூரத்துக்குள் பிரச்சினையை அடக்கிவிடலாம். எனக்கு இதைவிடப் பிடித்த சோதனை வேறில்லை, செலவும் ஒரு டியூப் மட்டும்தான்.

இரண்டு எச்சரிக்கை. டியூபை எக்ஸாஸ்ட் அருகிலோ ஃபேன் அருகிலோ தொங்கவிடாதீர்கள், சோதனை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். இதை உறிஞ்சும் பக்கத்திலும் ரிட்டர்னிலும் மட்டும் போடலாம். பம்பைத் தாண்டிய பக்கத்தில் ஒருபோதும் போடக் கூடாது.

7. அண்ணே, ரோட்டுல நிக்கறேன், டியூபும் இல்ல, கேஜும் இல்ல. என்ன பண்றது?

ஒரு சுத்தமான கேனும், கிழியாத ஹோஸ் ஒன்றும் கிடைக்குமா பாருங்கள். கேனில் டீசல் ஊற்றி, ஃபீட் பம்ப் நுழைவில் வரும் லைனைக் கழற்றிவிட்டு, ஹோஸை நேராகக் கேனிலிருந்து பம்புக்கு மாட்டுங்கள். பிரைமர் அந்த வழியில் இல்லாமல் போய்விட்டால் ஹோஸை முன்பே டீசலால் நிரப்பிக்கொள்ள வேண்டும். இப்போது வண்டி நன்றாக ஓடினால் பம்பும் இன்ஜெக்டரும் நல்லவை, பிரச்சினை டேங்க் பக்கம். அப்போதும் அதே தொல்லை என்றால் டேங்க் பக்கம் நல்லது, பம்ப் பக்கம் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

ரிட்டர்ன் இன்னும் பழைய டேங்குக்கே போகும் என்பதால் கேன் எதிர்பார்த்ததை விட வேகமாகக் காலியாகும். ப்ரீ ஃபில்டரைத் தாண்டி மாட்டுவதால் கேனில் ஒரு தூசிகூட இருக்கக் கூடாது. இது சோதனைக்கான ஏற்பாடு, இதோடு ஊர் போய்ச் சேர நினைக்காதீர்கள்.

8. டேங்குக்குள்ள காத்து அடிச்சா ஓட்டை இருக்கற இடத்துல டீசல் வெளிய வரும்னு சொல்றாங்களே, பண்ணலாமா?

முறை சரிதான். உறிஞ்சும் பக்கத்தைச் சற்று நேரம் தள்ளும் பக்கமாக மாற்றினால் காய்ந்த ஜாயிண்ட் ஈரமாகும். ஆனால் நான் மிகவும் பயப்படும் சோதனையும் இதுதான். டேங்க் அழுத்தம் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட பாத்திரம் அல்ல. 0.2 பார் என்பது கேட்க ஒன்றுமில்லாதது போலிருக்கும். 60 சென்டிமீட்டர் சதுரமுள்ள பக்கத் தகட்டின் மேல் அது 700 கிலோவுக்கு மேற்பட்ட விசை. லாரியின் ஏர் டேங்கில் இருப்பதோ 8 பார் அளவு. அந்த ஹோஸை நேராக டீசல் டேங்கில் வைத்தால் தையல் பிளக்கும், பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

ரெகுலேட்டரும் சிறிய அழுத்தம் காட்டும் கேஜும் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். கையேடு தடுத்திருந்தால் செய்யவே வேண்டாம். 6-ஆவது பதிலில் சொன்ன டியூபே போதும்.

9. வழக்கமா எந்த இடத்துல ஏர் எடுக்கும்?

ஃபில்டர் கேஸ்கெட், வாட்டர் செப்பரேட்டரின் அடியில் உள்ள டிரெயின் காக், அதே இடத்தில் இருக்கும் வாட்டர் சென்சாரின் ஓரிங். இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். தண்ணீர் வடிக்கும்போது டிரெயினை அழுத்தி முறுக்கி அதன் சீலை வெட்டிவிடுகிறார்கள். கண்ணாடிக் கிண்ணம் இருந்தால் மயிரிழை விரிசலைத் தேடுங்கள்.

அடுத்தது ஹேண்ட் பிரைமர். வேலை முடிந்ததும் குமிழை முழுதாகத் திருகி இறுக்காமல் விட்டால் அதன் தண்டு வழியாகவே காற்று போகும். பிளஞ்சர் சீல் தேய்ந்திருந்தால் இறுக்கினாலும் போகும். அதன் பிறகு பேஞ்சோ போல்ட் (பைப்பை இணைக்கும், நடுவில் துளையுள்ள போல்ட்) வாஷர்கள், ஹோஸ் முனைகள், கிளாம்புகள். புழு கிளாம்பை மிகையாக இறுக்கினால் ரப்பரை வெட்டிவிடும், அந்த வெட்டே புது ஓட்டை.

நைலான் பைப் வண்டிகளில் கனெக்டரின் ஓரிங்கும், பைப் முனை நேராக வெட்டப்பட்டிருக்கிறதா என்பதும் முக்கியம். கோணலாக வெட்டிய பைப் ஓரிங் மேல் முழுதாக உட்காராது. சேஸிஸ் ஓரம் உரசும் இடங்களில் பைப்பின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், முன்பக்கம் நன்றாகவே தெரியும். டீசலுக்கென்று செய்யாத தண்ணீர் ஹோஸை அவசரத்துக்குப் போட்டிருந்தால் அது ஊறி மிருதுவாகிவிடும். பயோடீசல் கலப்பு அதிகமாக உள்ள எரிபொருள் பழைய நைட்ரைல் ரப்பரை இன்னும் சீக்கிரம் கெடுக்கும்.

10. காப்பர் வாஷரையே திரும்பப் போடலாமா? டேப் சுத்தினா நிக்குமா?

புது வாஷர் போடுங்கள். காப்பர் ஒரு முறை நசுங்கினால் கெட்டியாகிவிடும், மறுமுறை மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி நசுங்காது. வழியில் வேறு கதியில்லை என்றால் பழையதைச் சிவக்கும் வரை சுட்டு ஆறவிட்டு, கறையைத் துடைத்துப் போட்டால் மிருதுவாகும். இரண்டு பக்கமும் கோடு விழாமல் இருக்க வேண்டும்.

டேப் வேண்டாம். பேஞ்சோவிலும் ஃபிளேர் நட்டிலும் மரை சீல் செய்வதில்லை, வாஷரும் கூம்பு முகமும்தான் சீல் செய்கின்றன. டேப் நூல் பிய்ந்து போய் வால்விலோ பம்பிலோ மாட்டும். 4-ஆவது கேள்வியில் சொன்ன நான் ரிட்டர்ன் வால்வு இப்படித்தான் பல வண்டிகளில் கெடுகிறது.

11. பாதி டேங்குக்கு மேல இருந்தா பிரச்சினையே இல்ல. கீழ இறங்கினா மிஸ்ஸிங் வருது. இது என்ன?

டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயில் துருவோ விரிசலோ ஓட்டையோ இருக்கிறது. டீசல் அந்த ஓட்டையை மூடியிருக்கும் வரை அதன் வழியாகவும் டீசலே போகும். மட்டம் இறங்கி ஓட்டை வெளியே தெரிந்ததும் காற்று போகும். எந்த மட்டத்தில் தொல்லை தொடங்குகிறதோ, ஓட்டையும் அந்த உயரத்தில்தான். யூனிட்டை வெளியே எடுத்து, அடி முனையை அடைத்து, டீசலில் முக்கி லேசாக ஊதினால் தெரிந்துவிடும்.

12. ஃபில்டர் மாத்தினதுல இருந்துதான் இந்தத் தொல்லை. ஃபில்டர் டூப்ளிகேட்டா?

அதற்கு முன் ஃபில்டரைக் கழற்றி ஹெட்டைப் பாருங்கள். பழைய கேஸ்கெட் ஹெட்டிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புது கேஸ்கெட் உட்கார்ந்திருப்பது மிகச் சாதாரணம். கேஸ்கெட்டில் டீசல் தடவி, அது தொட்ட பிறகு ஃபில்டர் மேல் எழுதியிருக்கும் அளவுக்குக் கையால் திருப்பினால் போதும். டிரெயின் காக்கைப் பழைய ஃபில்டரிலிருந்து மாற்றிப் போட்டிருந்தால் அதன் ஓரிங்கையும் பாருங்கள்.

காமன் ரெயில் வண்டியில் கடைசி ஃபில்டரை வெளியிலிருந்து டீசல் ஊற்றி நிரப்பாதீர்கள். நடு ஓட்டையில் ஊற்றும் டீசல் வடிகட்டப்படாமல் நேராகப் பம்புக்குப் போகும். காலியாக மாட்டி, பிரைமரால் நிரப்புவதே நல்லது.

13. உள்ள போன ஏரை வெளிய எடுக்கறது எப்படி? இன்ஜெக்டர் பைப் நட்டை லூஸ் பண்ணலாமா?

முதலில் ஓட்டையை அடைத்துவிடுங்கள், அப்புறம்தான் ஏரை வெளியே எடுக்க வேண்டும். பழைய மெக்கானிக்கல் பம்ப் என்றால் ஃபில்டர் ஹெட்டில் உள்ள பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரையில்லாத டீசல் வரும் வரை பிரைமரை அடித்து, டீசல் வந்துகொண்டிருக்கும்போதே இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்ப் மேலுள்ள ஸ்க்ரூவில் அதையே செய்யுங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் இரண்டு மூன்று இன்ஜெக்டர் நட்டுகளை அரை சுற்றுத் தளர்த்தி செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் இறுக்கலாம். 15 வினாடிக்கு மேல் ஒரே மூச்சில் அடிக்காதீர்கள், நடுவில் 2 நிமிடமாவது செல்ஃபை ஆறவிடுங்கள்.

காமன் ரெயில் வண்டியில் ஹை பிரஷர் நட்டை இப்படித் தளர்த்தவே கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய புள்ளி மட்டும் தெரியும், வலிகூட உடனே இருக்காது. ஆனால் உள்ளே திசு செத்துப்போகும், விரலையோ கையையோ இழக்க நேரலாம். அப்படி நேர்ந்தால் ‘நாளைக்குப் பாக்கலாம்’ என்று இருக்காமல், அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். இந்த வண்டிகளில் தாழ்ந்த அழுத்தப் பக்கத்தை மட்டும் பிரைமரால் நிரப்பினால் போதும், ரெயிலில் இருக்கும் காற்று செல்ஃப் அடிக்கும்போது ரிட்டர்ன் வழியாக வெளியேறிவிடும்.

14. ரெண்டு மூணு மணி நேரம் ஓடினா இழுக்கறதில்ல. டேங்க் மூடியைத் திறந்தா ‘புஸ்’னு சத்தம் வருது, அப்புறம் நல்லா போகுது. இதுவும் ஏர் லீக்கா?

இது நேர் எதிர். காற்று போக வேண்டிய இடத்தில் போகவில்லை. டேங்கின் வென்ட் அடைத்திருக்கிறது, டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பம்போடு மல்லுக்கட்டுகிறது. வென்டைச் சுத்தம் செய்யுங்கள், மூடியில் வென்ட் இருந்தால் மூடியை மாற்றுங்கள்.

15. ரெண்டு டேங்க் வண்டி. ஒண்ணுல ஓடினா சரி, இன்னொண்ணுல ஓடினா ஏர். எங்க பாக்கறது?

பாதி பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவான ஃபில்டர், பம்ப் எல்லாம் நல்லவை. கெட்ட டேங்கின் உறிஞ்சு குழாய், அதிலிருந்து செலக்டர் வால்வு வரையுள்ள பைப், வால்வின் அந்தப் பக்கம், இவ்வளவுதான். வால்வு முழுதாக மூடாமல் காலி டேங்கிலிருந்து காற்றை இழுப்பதும் உண்டு. இரண்டையும் நிரப்பி ஓட்டிப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

16. சப்ளை டியூப்ல ஒரு குமிழிகூட இல்ல. ரிட்டர்ன்ல மட்டும் நிக்காம வருது. எப்படி?

அது வெளிக்காற்று இல்லாமல், சிலிண்டருக்குள்ளிருந்து வரும் எரிந்த வாயுவாக இருக்கலாம். யூனிட் இன்ஜெக்டர் (பம்பும் இன்ஜெக்டரும் ஒன்றாக இருப்பது) உள்ள இன்ஜின்களில் டீசல் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே இன்ஜெக்டரைச் சுற்றி ஓடுகிறது. இன்ஜெக்டரின் அடி வாஷரோ, அது உட்காரும் ஸ்லீவோ கெட்டால் எரிப்பு அழுத்தம் அந்த டீசலுக்குள் புகும். டேங்க் டீசல் நாளாக நாளாகக் கறுப்பது, எக்ஸாஸ்ட் வாடை அடிப்பது, ஃபில்டர் சீக்கிரம் கரி பிடிப்பது ஆகியவை துணைச் சாட்சிகள். லோடு கூடும்போது குமிழியும் கூடினால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

ஹெட்டுக்குள் டீசல் ஓடாத காமன் ரெயில் இன்ஜின்களில் அடி வாஷர் கெட்டால் வாயு இன்ஜெக்டரைச் சுற்றி வெளியே வரும். ‘சுக் சுக்’ என்ற சத்தமும் இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போன்ற கறுப்புப் படிவும் காட்டிக்கொடுக்கும். லைனில் குமிழி வராது.

17. பைப், வாஷர், ஃபில்டர் எல்லாம் மாத்தியாச்சு. இனிமே பம்பைக் கழட்டட்டுமா?

இன்னும் இல்லை. கேன் சோதனையை (7-ஆவது பதில்) செய்யாமல் இந்த முடிவுக்கு வந்திருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். அதிலும் குமிழி வந்தால் ஃபீட் பம்பின் ஷாஃப்ட் சீலைப் பாருங்கள். அது தேய்ந்தால் இன்ஜின் பக்கத்திலிருந்து காற்றை இழுக்கும், டீசலை இன்ஜின் ஆயிலுக்குள்ளும் விடலாம். குமிழியே இல்லாமல் ஸ்டார்டிங் தொல்லை மட்டும் இருந்தால் ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பும் டீசலின் அளவை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றை விட மிக அதிகமாகத் திருப்பி விட்டால் ரெயில் அழுத்தம் அங்கேதான் போகிறது. இந்த இரண்டையும் கடந்த பிறகே ஹை பிரஷர் பம்பின் முறை.

டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயில் மட்டம் ஏறியிருக்கிறதா, டீசல் வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் சீலை மாற்றி, ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றும் வரை அந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். நீர்த்த ஆயிலில் ஓட்டினால் பேரிங் போய்விடும்.